ஆணுறை கிழிந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது?

நிறைமதி | பதிவு 1

ஆணுறை கிழிந்தது, நழுவியது, உள்ளேயே தங்கிவிட்டது, போடவே மறந்தாயிற்று. நான்குக்கும் கணக்கு ஒன்றுதான். பெரும்பாலும் என்ன ஆகிறது என்றால், அதிர்ச்சியில் முதல் நாள் போகிறது, கூச்சத்தில் இரண்டாம் நாள், இணையத்தில் தேடித் தேடியே மூன்றாம் நாள். யாரிடமாவது வாய்விட்டுக் கேட்கும்போது, எடுக்க வேண்டிய மாத்திரைக்கு நேரம் தாண்டியிருக்கும். அதனால் கடிகார வரிசையிலேயே எழுதுகிறேன். தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

முதல் சில நிமிடம். உடனே நிறுத்துங்கள். உறையின் அடிவளையத்தைக் குறியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வெளியே எடுங்கள். பெண் கழிப்பறையில் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கட்டும், வடிவது தானாக வடியட்டும். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவலாம். யோனிக்குள் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. சோப்பு, வினிகர், எலுமிச்சை, கிருமிநாசினி எதுவுமே கூடாது. விந்தணு சில நிமிடங்களிலேயே கருப்பைவாய்ச் சளிக்குள் ஏறிவிடும், கழுவி அதைப் பிடிக்க முடியாது. ஆனால் சோப்பு உள்ளிருக்கும் மென்சவ்வைப் புண்ணாக்கும், புண்ணான சவ்வு கிருமிக்குத் திறந்த கதவு. ஆசனவாய்க்கும் இதே விதி, எனிமா வேண்டாம். வாயில் பட்டிருந்தால் துப்பிவிட்டு வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். அப்போது பல் துலக்காதீர்கள், பிரஷ் ஈறைக் கீறும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரிலோ சலைனிலோ அலசுங்கள்.

உறை உள்ளே தங்கிவிட்டால் பதற வேண்டாம். யோனி ஒரு முனை மூடிய பை போன்றது, உறை அங்கிருந்து வயிற்றுக்குள் எங்கும் போகாது. குந்தி உட்கார்ந்து லேசாக முக்கி, நகம் ஒட்ட வெட்டிய இரண்டு விரலைப் பின்சுவரை ஒட்டி உள்ளே விட்டால் பெரும்பாலும் வளையம் தட்டுப்படும். இடுக்கி, கரண்டி என்று எந்தக் கருவியும் உள்ளே போகக் கூடாது. கைக்கு அகப்படவில்லை என்றால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போய்விடுங்கள். எடுத்த பிறகும் அது கிழிந்ததற்குச் சமம்தான்.

அடுத்து இரண்டே கேள்வி. கருவுறும் வாய்ப்பு உண்டா? எச்.ஐ.வி. வாய்ப்பு உண்டா? முதலாவதுக்கு 120 மணி நேரம், இரண்டாவதுக்கு 72 மணி நேரம். இவை கடைசி எல்லை. எல்லைக்குள் இருக்கிறோம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, இரண்டிலுமே மாத்திரையைத் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைகிறது.

மருந்துப்பெட்டி | பதிவு 2

அவசரக் கருத்தடை பற்றி விரிவாக, ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம்.

லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் என்று அட்டையில் இருக்கும். 120 மணி வரை கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் சரிந்துகொண்டே போகும். சில அட்டைகளில் 0.75 மி.கி. இரண்டு மாத்திரை இருக்கும், இரண்டையும் ஒன்றாகவே போட்டுக்கொள்ளலாம், 12 மணி இடைவெளிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

யூலிபிரிஸ்டல் 30 மி.கி. ஒரே வேளை, 120 மணி வரை. இதன் பலம் எங்கே என்றால், கருமுட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோன் ஏறத் தொடங்கிய பிறகும் இது முட்டையைத் தள்ளிப்போட வைக்கும். லெவோநோர்ஜெஸ்ட்ரலுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் வேலை இல்லை.

காப்பர்-டி, அதாவது மருத்துவர் கருப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனம். 5 நாளுக்குள் வைத்தால் 99 சதவீதத்துக்கு மேல் பலன். மூன்றிலும் இதுதான் சிறந்தது. உடல் எடை, மற்ற மருந்துகள் எதுவும் இதைப் பாதிக்காது. வைத்த பின் பல வருடம் அதுவே கருத்தடை.

எங்கே தவறுகிறது?

வாந்தி. லெவோநோர்ஜெஸ்ட்ரல் போட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு வேளை. சில வழிகாட்டிகளில் 3 மணி என்று இருக்கும். யூலிபிரிஸ்டலுக்கு எல்லோரும் சொல்வது 3 மணி.

எடை. 70 கிலோவுக்கு மேல், அல்லது பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 26க்கு மேல் இருந்தால் 1.5 மி.கி. லெவோநோர்ஜெஸ்ட்ரலை நம்பியிருக்க வேண்டாம். காப்பர்-டி, இல்லையென்றால் யூலிபிரிஸ்டல். இரண்டும் கிடைக்காத இடத்தில் மருத்துவர் 3 மி.கி. தருவார்.

வேறு மருந்து. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாசெபின், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ். இவை கல்லீரலில் நொதிகளைத் தூண்டி மாத்திரையை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். நிறுத்தி 4 வாரம் வரை அந்தத் தாக்கம் இருக்கும். இவர்களுக்கு முதல் தேர்வு காப்பர்-டி. மாத்திரைதான் என்றால் லெவோநோர்ஜெஸ்ட்ரல் இரட்டை அளவு, 3 மி.கி. யூலிபிரிஸ்டல் இங்கே உதவாது.

கலப்பது. யூலிபிரிஸ்டலையும் லெவோநோர்ஜெஸ்ட்ரலையும் 'ரெண்டும் போட்டா டபுள் பாதுகாப்பு' என்று சேர்த்துப் போடுகிறார்கள். ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். யூலிபிரிஸ்டல் போட்டால் 5 நாள் கழித்துத்தான் தினசரி கருத்தடை மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அவசரக் கருத்தடை மாத்திரை கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கரு பதிந்திருந்தால் லெவோநோர்ஜெஸ்ட்ரல் அதைக் கலைக்காது, கெடுக்கவும் செய்யாது. பின்னாளில் குழந்தைப்பேற்றையும் பாதிக்காது.

கடலோரன் | பதிவு 3

மருந்துப்பெட்டி சார், ஒரு சந்தேகம். முட்டையைத் தள்ளிப்போடுகிறது என்றால், மாத்திரை போட்ட பின் அந்த மாதம் முழுக்கக் கவலை இல்லைதானே? அதேபோல் பீரியட்ஸ் முடிந்த மறுநாள் கிழிந்தால் மாத்திரையே தேவையில்லை என்றும் பலர் சொல்கிறார்கள்.

மருந்துப்பெட்டி | பதிவு 4

முதல் கேள்விக்கு நேர் எதிரான பதில்தான் சரி. தள்ளிப்போன முட்டை சில நாளில் வரத்தான் செய்யும். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். மாத்திரை போட்ட மறுநாளே பாதுகாப்பின்றி உறவு வைத்தால், கரு தங்க வாய்ப்பு மாத்திரை போடாத மாதத்தைவிடக் குறைவு என்று சொல்லவே முடியாது. அடுத்த பீரியட்ஸ் வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை வேண்டும்.

இரண்டாவது. 28 நாள் சுழற்சி மாறாமல் வருபவருக்கு 6ஆம் நாள் உறவில் வாய்ப்பு குறைவுதான். ஆனால் 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு 10ஆம் நாளிலேயே முட்டை வரும், விந்தணுவின் 5 நாளைக் கழித்துப் பாருங்கள். நாட்காட்டியை வைத்து மாத்திரையைத் தவிர்க்கும் அளவுக்கு யாருடைய சுழற்சியும் கடிகாரம் இல்லை.

மாத்திரைக்குப் பின் பீரியட்ஸ் முன்னதாகவோ ஒரு வாரம் தாமதமாகவோ வரலாம். இடையில் சிறு ரத்தக்கசிவும் வரலாம், அதைப் பீரியட்ஸ் என்று எண்ணி நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால், அல்லது உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் ஆனதும், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் செய்து 'இல்லை' என்று வந்தால் அது பதிலே இல்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைச்சுற்றல் வந்தால் பரிசோதனைக் குச்சியைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள், கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம்.

வெண்நொச்சி | பதிவு 5

எச்.ஐ.வி. பக்கத்தை நான் எழுதுகிறேன்.

முதலில் பயத்துக்கு அளவு வைப்போம். ஆணுறை இல்லாமல், எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சையில் இல்லாத ஒருவரோடு ஒரு முறை உறவுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கு இது. ஆசனவழி உறவில் உள்வாங்குபவருக்கு 10,000இல் 138. ஆசனவழியில் செலுத்துபவருக்கு 11. யோனிவழியில் பெண்ணுக்கு 8. யோனிவழியில் ஆணுக்கு 4. வாய்வழியில் மிக மிகக் குறைவு. ஏன் ஆசனவழி இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றால், மலக்குடலின் உட்சவ்வு ஒற்றை அடுக்குச் செல்தான், தானாக ஈரம் சுரப்பதில்லை, வைரஸ் பிடித்துக்கொள்ளும் நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. யாருக்காவது புண் இருந்தால், வேறு பால்வினை நோய் இருந்தால், பெண் மாதவிடாயில் இருந்தால் எண்கள் மேலே போகும். எச்.ஐ.வி. தொற்றி முதல் சில வாரத்தில் இருப்பவரிடமிருந்து பரவும் வாய்ப்பும் மிக அதிகம், அந்த நேரத்தில் அவருக்கே அது தெரிந்திருக்காது.

துணைவருக்கு எச்.ஐ.வி. உண்டு, ஆனால் ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. சிகிச்சை மாத்திரையைத் தவறாமல் எடுத்து, வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 200க்குக் கீழே நிலையாக இருக்கிறது என்றால், உடலுறவு வழியே பரவாது. 'குறைவாகப் பரவும்' என்று எழுதாதீர்கள், பரவாது. அந்த நிலையில் உறை கிழிந்ததற்காகப் பெப் (உறவுக்குப் பின் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க எடுப்பது) மாத்திரை தேவையில்லை.

மற்றபடி, துணைவரின் நிலை தெரியாது அல்லது தொற்று உண்டு, வைரஸ் அளவு தெரியாது என்றால் பெப். 72 மணிக்குள் தொடங்க வேண்டும், 24 மணிக்குள் என்றால் மிக நல்லது, முதல் சில மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது. 72 தாண்டினால் தருவதில்லை, ஏனென்றால் அதற்குள் வைரஸ் நிணநீர் முடிச்சுகளில் குடியேறியிருக்கும். வழக்கமான சேர்க்கை டெனோஃபோவிர், லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின், கூடவே டோலுடெக்ராவிர். 28 நாள், ஒரு நாளும் விடாமல்.

நடைமுறையில் எங்கே வழுக்குகிறார்கள்:

ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளுவது. ரத்தம் எடுக்கட்டும், மாத்திரை அன்றே தொடங்கட்டும். அன்று எடுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை நேற்றைய உறவைக் காட்டாது, ஏற்கெனவே தொற்று இருந்ததா என்று பார்ப்பதற்குத்தான். கூடவே சிறுநீரகத்தைப் பார்க்கக் கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு டெனோஃபோவிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹெபடைடிஸ் பி உள்ளவர் 28ஆம் நாள் டெனோஃபோவிரைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பலாம், அவரைக் கண்காணிக்க வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை. இதை யாரும் கேட்பதே இல்லை. டோலுடெக்ராவிர் இந்த உலோகங்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் ஏறாமலே போய்விடும். ஆன்டாசிட் போடுவதற்கு 2 மணி முன்னால், அல்லது போட்டு 6 மணி கழித்து டோலுடெக்ராவிர். இரும்பும் கால்சியமும் மட்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம்.

பத்தாவது நாள் குமட்டல் என்று நிறுத்திவிடுவது. குமட்டலுக்குத் தனி மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். பெப் நடக்கும் 28 நாளும் ஆணுறை அவசியம்.

பாரி77 | பதிவு 6

எல்லோரும் கிழிந்த பிறகு என்ன என்று எழுதுகிறீர்கள். கிழிந்த உறையை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்தாலே ஏன் கிழிந்தது என்று தெரியும், அடுத்த தடவை தப்பலாம். தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வளையத்தைப் பிடித்துக் குழாயடியில் தண்ணீர் நிரப்புங்கள், ஓட்டை இருந்தால் ஒழுகும்.

நுனி வெடித்திருந்தால்: நுனியில் காற்று அடைபட்டிருக்கும், அல்லது விந்துக்கு இடம் விடாமல் இறுக்கிப் போட்டிருப்பார்கள், அல்லது ஈரம் வற்றி உராய்ந்திருக்கும். நுனியை விரலால் கிள்ளிப் பிடித்தபடியே உருட்ட வேண்டும், கடைசி வரை கிள்ளலை விடக் கூடாது.

பக்கவாட்டில் கோடு போட்டது போல் கிழிசல்: நகம், மோதிரம், பல், கத்தரிக்கோல். உறை இருக்கும் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிப்பவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள். உள்ளிருக்கும் உறையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, எதிர் ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும்.

நீளவாக்கில் முழுதும் பிளந்திருந்தால், அல்லது தொட்டாலே பிசுபிசுப்பாக, உலர்ந்து நொறுங்குவது போல் இருந்தால்: எண்ணெய் அல்லது வெப்பம். லேடெக்ஸ் எண்ணெயில் பட்டால் ஒரு நிமிடத்திலேயே வலுவில் பெரும்பகுதி போய்விடும். தேங்காய் எண்ணெய், குழந்தைகளுக்கான எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி, உடம்புக்குப் பூசும் லோஷன், வெண்ணெய், எல்லாமே. பூஞ்சைத் தொற்றுக்கு யோனியில் வைக்கும் சில கிரீம்களும் எண்ணெய் அடிப்படைதான். க்ளின்டாமைசின் யோனி கிரீம் போட்டிருந்தால் 5 நாள் வரை லேடெக்ஸை நம்பக் கூடாது. பர்ஸில் வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுந்த உறை, வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்த உறை, இரண்டும் உள்ளுக்குள்ளேயே பாழாகியிருக்கும். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்று மெத்தை போல நகர வேண்டும். நகரவில்லை என்றால் ஓட்டை உண்டு, போட வேண்டாம்.

கிழியவில்லை, கழன்றுவிட்டது: அளவு பெரிது, அல்லது விந்து வந்த பிறகும் உள்ளேயே இருந்து குறி தளர்ந்த பின் எடுத்திருப்பார்கள். விறைப்பு இருக்கும்போதே அடிவளையத்தைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

அளவு பற்றிக் கொஞ்சம். அட்டையில் 49, 52, 56 என்று போட்டிருப்பது உறையைத் தட்டையாக வைத்தால் வரும் அகலம், மில்லிமீட்டரில். விறைத்த குறியின் நடுப்பகுதிச் சுற்றளவை நூலால் அளந்து 2.25ஆல் வகுத்தால் உங்கள் அளவு ஏறக்குறைய வரும். சுற்றளவு 117 மி.மீ. என்றால் 52. 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்ற பெயருக்காக வாங்குபவர்கள் நழுவலை விலைக்கு வாங்குகிறார்கள்.

தலைகீழாக வைத்து உருள மறுத்தால் திருப்பிப் போடாதீர்கள். நுனியில் பட்ட முன்திரவம் அப்போது வெளிப்பக்கம் வந்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுங்கள். இரண்டு உறை ஒன்றன் மேல் ஒன்று போட்டால் ரப்பரும் ரப்பரும் உராய்ந்து இரண்டும் கிழிய வாய்ப்பு. ஆண் உறையும் பெண் உறையும் சேர்ந்தாலும் அப்படித்தான்.

சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் 100 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்குக் கரு தங்குகிறது. நிஜ வாழ்க்கையில் அது 13. இந்த 11 பேரின் வித்தியாசம் பெரும்பாலும் ரப்பரின் குறை அல்ல, சில முறை போடாமல் விடுவதும் மேலே எழுதிய விஷயங்களும்தான்.

யாழினி_க | பதிவு 7

பாரி சொன்னதோடு லூப்ரிகன்ட் (உராய்வைக் குறைக்கும் வழுவழுப்புத் திரவம்) பற்றியும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஆசனவழி உறவில் கிழிவதற்கு முதல் காரணம் வறட்சி. நீர் அடிப்படை அல்லது சிலிகோன் அடிப்படை, இரண்டும் லேடெக்ஸுக்கு ஒத்துப்போகும். நீர் அடிப்படை சீக்கிரம் வற்றும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும். சிலிகோன் நீடிக்கும், ஆனால் சிலிகோன் பொம்மைகளோடு சேர்த்தால் பொம்மையின் மேற்பரப்பு கெட்டுப்போகலாம். எச்சில் லூப்ரிகன்ட் அல்ல. போட்ட நொடியில் வற்றும், தொண்டையில் கொனோரியா என்ற பால்வினை நோய் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் முதல் வரியில் இருக்கிறதா. அதிகம் இருந்தால் ஆஸ்மோலாலிட்டி (கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு) ஏறி, செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, சவ்வின் மேலடுக்கு உதிரும். உலக சுகாதார நிறுவனம் அது 380 mOsm/kg-க்குக் கீழே இருப்பது நல்லது, 1200ஐத் தாண்டவே கூடாது என்கிறது. இரண்டு, நொனாக்ஸினால்-9 என்ற விந்தணுக்கொல்லி. 'கூடுதல் பாதுகாப்பு' என்று விற்றார்கள். அடிக்கடி போட்டால் சவ்வு அரித்து எச்.ஐ.வி. நுழைய வழி அகலமாகிறது. ஆசனவழிக்கு அறவே கூடாது.

மரத்துப்போக வைக்கும் கிரீமும் கூடாது. வலிதான் 'கிழிகிறது, நிறுத்து' என்று சொல்லும் ஒரே மணி. ஆசனவாயிலிருந்து யோனிக்கு மாறும்போது புது உறை. மலக்குடல் கிருமி சிறுநீர்ப்பாதைக்கு வந்தால் இரண்டு நாளில் எரிச்சல், அடிக்கடி மூத்திரம்.

கடலோரன் | பதிவு 8

இது எல்லாம் எச்.ஐ.வி., கரு. மற்ற நோய்களுக்கு முன்கூட்டியே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று போட்டுவிட்டால் போகாதா? பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆய்வகத்தான் | பதிவு 9

செய்யாதீங்க. காரணம் மூணு. கொனோரியா அசித்ரோமைசினுக்குப் பெருமளவு பழகிடுச்சு, ஒத்தை மாத்திரை அதைக் கொல்லாது, பாதி அடிச்சு விட்டுடும். சிபிலிஸுக்கும் அதை நம்ப முடியாது, பென்சிலின் ஊசிதான். மூணாவது, அரைகுறை மருந்து அறிகுறியை மட்டும் மறைக்கும். பரிசோதனை தள்ளிப்போகும், துணைக்கும் பரவும்.

டாக்சிசைக்ளின் 200 மி.கி. 72 மணிக்குள் ஒரே வேளை என்று ஒரு முறை இருக்கு. அது ஆணோடு உறவு வைக்கும் ஆண்கள், திருநங்கைகள், அதிலும் கடந்த 12 மாதத்தில் பால்வினை நோய் வந்தவங்க, மருத்துவரோடு பேசி எடுக்கிறது. சிபிலிஸையும் கிளமிடியாவையும் நல்லாக் குறைக்குது. கர்ப்பம் இருக்கலாம்னு சந்தேகம் உள்ளவங்க தொடக் கூடாது. எல்லாருக்கும் பொதுவான மருந்து இல்ல அது.

சரியான வழி காத்திருந்து பரிசோதிக்கிறது. எந்த நாள் எதுக்குன்னு எழுதுறேன்:

14ஆம் நாள், கிளமிடியாவும் கொனோரியாவும். கிருமியோட மரபணுவைத் தேடற நாட் பரிசோதனை. ஆணுக்கு முதல் சிறுநீர், அதாவது ஒரு மணி நேரம் மூத்திரம் போகாம இருந்து, வர்ற முதல் 20, 30 மில்லி மட்டும். நடுவில பிடிச்ச சிறுநீர் இதுக்கு ஆகாது, அது கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு. பெண்ணுக்கு யோனியில பஞ்சுக்குச்சி, தானே எடுத்துக்கலாம். இங்கதான் பெரிய ஓட்டை: வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தா தொண்டையிலயும் மலக்குடல்லயும் தனியா எடுக்கணும். சிறுநீரில் 'இல்லை'ன்னு வந்துட்டு தொண்டையில கொனோரியா உட்கார்ந்திருக்கும், வலி கூட இருக்காது. எந்த வகை உறவுன்னு வெட்கப்படாம சொன்னாத்தான் எந்த இடத்தில எடுக்கணும்னு தெரியும்.

45ஆம் நாள், எச்.ஐ.வி. நாலாம் தலைமுறைப் பரிசோதனை (வைரஸோட ஒரு புரதத்தையும் எதிரணுவையும் சேர்த்துத் தேடறது).

90ஆம் நாள், சிபிலிஸ். புண் வர 10 நாள்ல இருந்து 90 நாள் வரை ஆகும், சராசரி 21. வலிக்காத, ஓரம் கெட்டியான ஒத்தைப் புண்ணு. வலி இல்லாததால விட்டுடுவாங்க, சிகிச்சை இல்லாமலே ஆறியும் போகும், நோய் போகாது. புண்ணு இருக்கும்போதே காட்டினா அந்த இடத்தில இருந்தே பார்க்கலாம்.

காத்திருக்கிற காலத்தில ஒழுக்கு, எரிச்சல், புண்ணு, காய்ச்சலோட உடம்பெல்லாம் தடிப்பு வந்தா நாள் கணக்குப் பார்க்காம உடனே போங்க. உறவுக்கு 2 முதல் 4 வாரத்தில காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு மூணும் சேர்ந்து வந்தா வைரஸையே நேரடியா தேடற எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை கேளுங்க.

வெண்நொச்சி | பதிவு 10

ஹெபடைடிஸ் பி-யை விட்டுவிட்டோம். தடுப்பூசி போடாதவர், துணைவருக்குத் தொற்று உண்டு என்று தெரிந்தால், தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை எதிரணு ஊசி) சேர்த்துப் போட வேண்டும். 24 மணிக்குள் சிறந்தது, உடலுறவு வழித் தொடர்பு என்றால் 14 நாள் வரை இம்யூனோகுளோபுலினுக்கு இடம் உண்டு. துணைவரின் நிலை தெரியாது என்றால் தடுப்பூசியைத் தொடங்கினால் போதும். 0, 1, 6 மாதம். பலர் முதல் ஊசியோடு நின்றுவிடுகிறார்கள், மூன்றும் முடித்தால்தான் நீண்ட காலத்துக்கு நிற்கும்.

ஆய்வகத்தான் சொன்னதோடு சிகிச்சை பற்றி இன்னும் ஒரு வரி. கிளமிடியா வந்தால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை 7 நாள். நிறைய தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கி அரை மணி படுக்காமல் இருங்கள், உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். துணைவரும் சேர்ந்து எடுக்க வேண்டும், இருவருமே 7 நாள் உறவு வைக்கக் கூடாது. ஒருவர் மட்டும் எடுத்தால் ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார். சிகிச்சை முடிந்த உடனே மறுபரிசோதனை செய்து 'இன்னும் இருக்கிறதே' என்று பயப்படாதீர்கள், செத்த கிருமியின் மரபணுத் துண்டுகளையும் நாட் காட்டும். மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள்.

யாழினி_க | பதிவு 11

ஹெர்பிஸ் (கொப்புளப் புண் தரும் வைரஸ்), எச்.பி.வி. (மரு, கருப்பைவாய்ப் புற்று தரும் வைரஸ்) இரண்டும் தோலோடு தோல் பட்டாலே பரவும். உறை கிழியாவிட்டாலும் அது மூடாத இடத்திலிருந்து வரலாம், அதனால் 'அன்றைக்குக் கிழிந்ததால்தான் வந்தது' என்று யாரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. இரண்டுமே மாதங்கள் கழித்துக் கூடத் தெரியும். எச்.பி.வி.க்குத் தடுப்பூசி உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் கருப்பைவாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். உறவு தொடங்கும் முன் போட்டால் முழுப் பலன், தொடங்கிய பிறகும் 26 வயது வரை போடலாம். போட்டிருந்தாலும் 30 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனை வேண்டும்.

இன்னொரு விஷயம், இங்கே யாரும் தொடவில்லை. உறை 'கிழிந்தது' அல்ல, சொல்லாமல் கழற்றப்பட்டது என்றால் அது விபத்து இல்லை. உறையோடு சம்மதித்தவர் உறையில்லாமல் சம்மதிக்கவில்லை, அது பாலியல் வன்முறை. மருத்துவக் கடிகாரம் அதே கடிகாரம்தான், அதனால் முதலில் பெப், மாத்திரை. புகார் செய்யும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கி மரபணுத் தடயம் அழுகிவிடும். குளித்துவிட்டீர்கள் என்றாலும் போகலாம், எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

பாரி77 | பதிவு 12

மாதத்தில் இரண்டு மூன்று தடவை இதே பதற்றம் என்றால், பெப் திரும்பத் திரும்ப எடுப்பதைவிடப் பிரெப் (உறவுக்கு முன்பே எடுக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தினம் ஒரு மாத்திரை. ஆணோடு உறவு வைக்கும் ஆண்களுக்கு உறவை ஒட்டி எடுக்கும் முறையும் உண்டு: 2 முதல் 24 மணி முன்பு 2 மாத்திரை, முதல் வேளையிலிருந்து 24 மணியில் 1, 48 மணியில் 1. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கும், யோனிவழி உறவில் பெண்களுக்கும் இந்த இரண்டாம் முறை பொருந்தாது.

ஆய்வகத்தான் | பதிவு 13

என் பதிவு 9ல ஒரு திருத்தம். 45 நாள்னு எழுதினது கையில ரத்தம் எடுத்து ஆய்வகத்துல செய்யற நாலாம் தலைமுறைக்கு மட்டும். விரல் நுனியில குத்தியோ வாய்த் திரவத்திலயோ வீட்ல செய்யற கிட் என்றால் 90 நாள். பெப் எடுத்தவங்களுக்கு இந்த ரெண்டுமே பொருந்தாது, மாத்திரை வைரஸை அமுக்கி வெச்சிருக்கும், எதிரணு உருவாகிறதும் தாமதமாகலாம். அவங்க உறவு நடந்ததிலிருந்து 4 முதல் 6 வாரத்தில ஒண்ணு, 12 வாரத்தில ஒண்ணு, ரெண்டும் செய்யணும்.

கடலோரன் | பதிவு 14

அப்படியென்றால் 6 வாரத்தில் 'இல்லை' என்று வந்தால், 12 வரை துணைவரோடு ஆணுறை போட வேண்டுமா?

வெண்நொச்சி | பதிவு 15

ஆமாம், போட வேண்டும். ரத்த தானமும் கூடாது, எப்போது கொடுக்கலாம் என்று ரத்த வங்கியில் கேளுங்கள். 6 வார முடிவு நல்ல செய்தி, 12 வாரம்தான் முடிவு.